கல் சொல்லும் பாடம்

1803-ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25-ஆம் நாள், பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அங்கிருந்த ஆங்கிலேயப் படையினர் படகேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தனர். நாயாற்றிலிருந்து கரையோரமாக வடக்கே சென்றால் அந்த முல்லைத்தீவை அடையலாம். இத்துணை அருகிருந்தும், அவ்வரலாற்றை நம் மாணவர் நூலிலே படித்துப் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். நிகழ்ந்த நிலத்திலே நின்று வரலாற்றைக் கற்கும் முறை நமக்கு வேண்டும் என்பதே என் கருத்து.

இம்முறை பிறநாடுகளில் நன்கு வேரூன்றியது. 1906-இல் ஈபென் சுவிப்ட் என்னும் அமெரிக்க இராணுவ ஆசிரியர், தம் மாணவர் பன்னிருவரை உள்நாட்டுப் போர் நடந்த ஜோர்ஜியாக் களங்களுக்கு அழைத்துச் சென்று பாடம் நடத்தினார். முதல் உலகப்போரின் நூற்றாண்டை ஒட்டி, 2014 முதல் இங்கிலாந்தின் அரச இடைநிலைப் பாடசாலை ஒவ்வொன்றிலுமிருந்து மாணவர் இருவரையும் ஆசிரியர் ஒருவரையும் பிரான்சு, பெல்ஜியம் நாடுகளின் போர்க்களங்களுக்கு அனுப்பும் திட்டம் நடைபெற்றது. சென்றவர் திரும்பிவந்து, தாம் கண்டதைத் தம் ஊராருக்கு எடுத்துரைக்க வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் நோக்கமாகும்.

நமக்கோ அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடு இருக்கின்றது. கோட்டை வீழ்ந்த அதே ஆண்டு ஒக்டோபர் 31-ஆம் நாள், கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனை இவ்விடத்துக்கு அண்மையில் தோற்கடித்தான் என்று அங்கே ஆங்கிலத்தில் ஒரு கல் பொறிக்கப்பட்டிருந்தது.

அச்சிறு வாசகத்தைக் கொண்டு ஆசிரியர் ஒருவர் ஒருநாட் பாடமே நடத்தலாம். இக்கல் யாருடைய வாயால் பேசுகின்றது? வென்றவர் வாயால். ஆகவே தோற்றவர் பக்கத்துக் கதையை வேறிடத்திலேதான் தேடவேண்டும். ‘அண்மையில்’ என்று ஏன் சொல்கின்றது? சரியான இடத்தை அது காட்டவில்லை. நிலத்தையும் நீரையும் பாதையையும் பார்த்து மாணவரே ஆராயலாம். ‘தோற்கடித்தான்’ என்கின்றதே, ‘கொன்றான்’ என்கின்றதா? இல்லை. அவன் அன்றே அங்கு மடிந்தான் என்று நம்மிற் பலர் சொல்லிவருகின்றோம்; அதன்பின்னும் சில ஆண்டுகள் உயிரோடிருந்தான் என்று கூறும் ஆய்வாளரும் உளர். எதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கப் பழகிய மாணவனே வரலாறு கற்றவன்.

அந்தக் கல் 2010-இல் உடைக்கப்பட்டது. உடையுமுன் எடுத்த ஒளிப்படங்கள் இருந்தபடியால் அதன் வாசகத்தை எவரும் மறைக்க இயலவில்லை. இன்று மாணவர் பலர் கையிலும் கைத்தொலைபேசி உண்டு. அதனால் பழங்கல்லையும் குளக்கட்டையும் படம்பிடிக்கலாம். முதியோர் சொல்லும் கதைகளை அவர்கள் குரலிலேயே பதியலாம். படைகள் வந்த வழியைப் படமாக வரையலாம். கிடைத்தவற்றைக் கோத்துக் காணொளியாக்கி ஊர்மன்றத்திலே காட்டலாம். முல்லைமணி பண்டாரவன்னியன் கதையை நாடகமாக்கினார். அவ்வழியில் மாணவர் தாமே ஒரு குறுநாடகம் எழுதி நடிக்கலாம். ஒரு விதி மட்டும் வேண்டும். யார் சொன்னார், எங்கே, எந்நாள் என்பதைக் குறித்துவைக்க வேண்டும். செவிவழிச் செய்தியையும் ஆவணச் செய்தியையும் ஒன்றாகக் குழைத்தல் ஆகாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. நம் மாவட்டத்தில் 2009-இன் போர்க்களங்களும் உள்ளன. முள்ளிவாய்க்காலும் மாத்தளனும் உல்லாசப் பயணத்துக்குரிய இடங்கள் அல்ல. அங்கு உற்றாரை இழந்தோர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் மனம் ஒப்பாமல் படமெடுப்பதும் கேள்வி கேட்பதும் தகாது. ஆயினும் அவர்களாகவே பேச முன்வரும்போது, கேட்டு எழுதிவைக்க ஒருவர் அருகில் இருக்க வேண்டும். 1984-இல் நாயாறு, கொக்கிளாய் மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய கதையும் அவ்வாறே எழுதப்பட வேண்டியது. நாம் எழுதாவிடின் பிறர் நாட்டிய கல்லே நம் வரலாறு என்று நின்றுவிடும்.

பெரியோர்களே, உங்கள் நினைவிலிருப்பதை எங்களுக்குச் சொல்லுங்கள். இளைஞர்களே, அடுத்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் கற்சிலைமடுவுக்குப் புறப்படுவோம்.