களமும் கிடங்கும்: அமெரிக்காவின் உத்திசார் கணிமைத் திட்டம் (1983–1993) – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயர் ஆய்வு முகமையான டார்ப்பா 1983ஆம் ஆண்டு தொடங்கிய உத்திசார் கணிமைத் திட்டம், செயற்கை நுண்ணறிவைப் போர்க்களத்திற்குக் கொண்டுசெல்ல ஓர் அரசு மேற்கொண்ட பெருமுயற்சிகளுள் முன்னோடியானது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 100 கோடி டாலர் இதற்குச் செலவாயிற்று. திட்டம் வாக்களித்த போர்க்களக் கருவிகள் பெரும்பாலும் படைக்கு வந்து சேரவில்லை. படைக்குப் பயன்பட்டவையோ கப்பல் ஒதுக்கீடு, தளவாடப் போக்குவரத்து போன்ற பின்னணிப் பணிகளுக்கான மென்பொருள்கள். இவ்வேறுபாட்டிற்கு நிர்வாகக் காரணங்களைவிட, எந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்ட பணிகளின் இயல்பே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: செயற்கை நுண்ணறிவு, டார்ப்பா, வல்லுநர் முறைமை, தானியங்கு ஊர்தி, படைத் தளவாடம், டார்ட்.

முன்னுரை

1991ஆம் ஆண்டு வளைகுடாப் போருக்குப் பின், செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கு டார்ப்பா முப்பது ஆண்டுகளாகச் செலவிட்ட பணத்தை 'டார்ட்' என்னும் ஒரே மென்பொருள் ஈடுசெய்துவிட்டதாக அந்நிறுவனத் தரப்பில் கூறப்பட்டது. செயற்கை நுண்ணறிவுப் பாடநூல்கள் இக்கூற்றை இன்றும் எடுத்தாள்கின்றன. ஆனால் டார்ட் எந்த இலக்கையும் சுடவில்லை; பகைவர் எவரையும் அடையாளம் காணவில்லை. எந்தப் படைப்பிரிவின் தளவாடம், எந்தத் துறைமுகத்திலிருந்து, எந்நாளில், எதில் ஏற வேண்டும் என்று திட்டமிட உதவியது, அவ்வளவே. எட்டு ஆண்டுகளுக்கு முன் டார்ப்பா வாக்களித்தவையோ முற்றிலும் வேறானவை. ஓட்டுநரின்றிப் போர்க்களத்தில் செல்லும் ஊர்தி, விமானியோடு உரையாடும் துணைவன், தளபதிக்குப் போர்முறை வகுத்துத் தரும் முறைமை ஆகியவை அந்த வாக்குறுதிகள்.

இத்திட்டத்தின் வரலாற்றை விரிவாக எழுதிய அலெக்ஸ் ரோலண்ட், பிலிப் ஷைமன் ஆகியோர் (2002) அதன் குறைபாட்டைப் பெரிதும் இணைப்புச் சிக்கலாகக் காண்கின்றனர். தனித்தனியாக வளர்ந்த கூறுகளை ஒன்றோடொன்று பொருத்த இயலாமற்போனது என்பது அவர்கள் முடிவு. அம்முடிவு ஏற்கத்தக்கதே. எனினும், கூறுகள் கச்சிதமாகப் பொருந்தியிருந்தாலும் போர்க்களப் பணிகள் கைகூடியிருக்குமா என்ற வினா எஞ்சி நிற்கிறது.

திட்டத்திற்கு முந்தைய சூழல்

1962இல் ஜே.சி.ஆர். லிக்லைடர் டார்ப்பாவின் (அன்று 'ஆர்ப்பா') கணிமைப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற காலத்தில், பல்கலைக்கழக ஆய்வகங்களுக்குப் பணம் தாராளமாகச் சென்றது. இராணுவப் பயன் என்ன என்ற கேள்வி அப்போது வலுவாக எழவில்லை. 1969இல் நிறைவேறிய மேன்ஸ்ஃபீல்டு சட்டத்திருத்தம் இந்நிலையை மாற்றியது. பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிதி இராணுவத் தேவையோடு நேரடித் தொடர்புடைய பணிகளுக்கே செல்ல வேண்டும் என்று அத்திருத்தம் வரையறுத்தது.

அதன்பின் வந்த பேச்சறிதல் ஆய்வுத் திட்டம் (1971–1976) இம்மாற்றத்தின் விளைவைக் காட்டுகிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஹார்ப்பி' முறைமை 1,011 சொற்களைக் கொண்ட பேச்சைப் புரிந்துகொண்டது. அக்குழுவை வழிநடத்திய ராஜ் ரெட்டி, சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்றவர்; பின்னர் 1994ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதை எட்வர்ட் ஃபைகன்பாமுடன் பகிர்ந்துகொண்டவர். குறித்த இலக்கை எட்டிய பின்னும் அத்திட்டத்திற்குத் தொடர்நிதி கிடைக்கவில்லை. ஆய்வு வெற்றி வேறு, பயன்பாட்டு வெற்றி வேறு என்பதை ஆய்வாளர்கள் அப்போது கற்றுக்கொண்டனர்.

1982இல் ஜப்பான் அரசு ஐந்தாம் தலைமுறைக் கணிப்பொறித் திட்டத்தைத் தொடங்கியது. இராணுவ நோக்கம் சிறிதுமற்ற அந்தத் திட்டமே அமெரிக்க நாடாளுமன்றத்தில் இராணுவக் கணிமைக்குப் பணம் கேட்பதற்கான வலுவான வாதமாயிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1983: நாட்காட்டியில் குறிக்கப்பட்ட கண்டுபிடிப்புகள்

1983 அக்டோபர் 28ஆம் நாளிட்ட திட்ட ஆவணம் முதல் ஐந்தாண்டுகளுக்கு 60 கோடி டாலர் கோரியது. அதன் அமைப்பு ஒரு பிரமிடு வடிவில் வரையப்பட்டிருந்தது. அடித்தளத்தில் சில்லு உற்பத்தி முதலான வசதிகள். அதற்குமேல் கணிப்பொறிக் கட்டமைப்பும் நுண்ணறிவுத் திறன்களும். உச்சியில் தரைப்படை, விமானப்படை, கடற்படை ஆகிய முப்படைக்கும் ஆளுக்கொரு பயன்பாடு.

இவ்வடிவமே ஓர் உடன்படிக்கையின் விளைவாகும். கணிமைப் பிரிவின் தலைவர் ராபர்ட் கான் அடித்தளத்தை வலுப்படுத்தினால் பயன்கள் தாமே விளையும் என்று கருதினார். டார்ப்பாவின் இயக்குநர் ராபர்ட் கூப்பரோ, கண்ணுக்குத் தெரியும் பயன்பாடுகளைக் காட்டினாலன்றி நாடாளுமன்றம் பணம் தராது என்று அறிந்திருந்தார். ஜெராக்ஸ் ஆய்வகத்திலிருந்து வந்த லின் கான்வே இவ்விரு நோக்கையும் ஓர் ஆவணத்திற்குள் கொண்டுவருவதில் பெரும்பங்காற்றினார். வெளியே தெரிந்தது உச்சிதான். நாளேடுகளும் படைத்தலைமையும் அதனையே நினைவில் கொண்டன.

ஆவணத்தின் எண்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. தானியங்கு ஊர்தியின் பார்வைக்கு ஏறத்தாழ 6,500 விதிகள் கொண்ட வல்லுநர் முறைமை தேவை என்றும், அது நொடிக்கு 7,000 விதிகளை இயக்க வேண்டும் என்றும் மதிப்பிடப்பட்டது. அன்றைய முறைமைகள் சுமார் 2,000 விதிகளை நொடிக்கு 50 முதல் 100 வரையிலான வேகத்திலேயே இயக்கின. 'ஒரு வல்லுநர் அறிந்ததை, இது நேர்ந்தால் இதைச் செய் என்னும் விதிகளாக எழுதிவிடலாம். விதிகள் மிகுந்தால் அறிவு மிகும்' என்ற நம்பிக்கை இம்மதிப்பீட்டின் அடியில் உள்ளது. அந்நம்பிக்கை சரியா என்று சோதிப்பதற்கான ஆண்டு எதுவும் கால அட்டவணையில் ஒதுக்கப்படவில்லை.

இவ்வாவணம் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு, 1983 செப்டம்பர் 26 அன்று, சோவியத் முன்னெச்சரிக்கைச் செயற்கைக்கோள் அமைப்பு அமெரிக்க ஏவுகணைகள் வருவதாக அறிவித்தது. பணியிலிருந்த அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் அதனைப் பொய்யெச்சரிக்கை எனத் தீர்மானித்தார். சோவியத் ஒன்றியம் மறைந்த பின்னரே இந்நிகழ்வு உலகறிந்தது. வாஷிங்டனில் திட்டம் தீட்டியோர் அதனை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

நிழலில் தடுமாறிய ஊர்தி

மூன்று பயன்பாடுகளில் அதிகம் பேசப்பட்டது தானியங்கு தரை ஊர்தியாகும். கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகருக்கு அருகே மார்ட்டின் மரியெட்டா நிறுவனம் எட்டுச் சக்கர ஊர்தி ஒன்றை அமைத்தது. 1985 மே மாதம் அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவை மணிக்கு மூன்று கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் கடந்தது. ஒருவர் நிதானமாக நடந்தே அதனை முந்தியிருக்கலாம். 1987இல் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரை எட்டியது. எண்களை மட்டும் பார்த்தால் இது சீரான முன்னேற்றம்.

உண்மையில் நிகழ்ந்தது வேறு. ஊர்தியின் ஒளிப்படக்கருவி சாலையின் பரப்பையும் ஓரத்தையும் ஒளி, நிற வேறுபாட்டைக் கொண்டு பிரித்தறிந்தது. காலையில் தெளிவாகத் தெரிந்த ஓரம் மாலை வெயிலில் மாறித் தெரிந்தது. சாலையின் குறுக்கே விழுந்த நிழலைச் சாலையின் முடிவு என்று அது கொண்டது. பிற ஊர்திகளின் சக்கரத்தில் ஒட்டிவந்து சாலையில் உலர்ந்த சேறும் அதனைக் குழப்பியது. பொறியாளர்கள் ஒவ்வொரு குறைக்கும் ஒரு திருத்தம் செய்தனர். அத்திருத்தங்கள் அந்தச் சாலைக்கும் அந்தப் பருவத்திற்கும் பொருந்தின. ஊர்தி சாலையில் ஓடக் கற்றுக்கொண்டது என்பதைவிட, அந்த ஒரு சாலையில் ஓடுமாறு இழைக்கப்பட்டது என்பதே பொருந்தும். செயல்விளக்க நாள்கள் ஆண்டுதோறும் குறிக்கப்பட்டிருந்தமையால், அடிப்படைப் பார்வை ஆய்வுக்கு உரிய காலம் செயல்விளக்கத்திற்கான ஒட்டுவேலையில் கழிந்தது. பகைவர் நடமாடும் களத்திற்கும் அச்சோதனைச் சாலைக்கும் இருந்த தொலைவு குறையவேயில்லை.

பயனுள்ள விதை வேறிடத்தில் விழுந்தது. கார்னகி மெலனில் இதே நிதியில் தொடங்கிய 'நேவ்லேப்' ஊர்தியில், மனிதர் ஓட்டுவதைப் பார்த்துப் பழகும் நரம்பு வலையமைப்பு 1980களின் இறுதியில் சோதிக்கப்பட்டது. விதி எழுதும் வழியைவிட்டு விலகிய அம்முறையே பிற்காலத்தில் தழைத்தது. ஆயினும் காலம் பிடித்தது. 2004இல் டார்ப்பா மொஹாவே பாலைவனத்தில் நடத்திய தானியங்கு ஊர்திப் போட்டியில், மிக அதிகத் தொலைவு சென்ற ஊர்தியே சுமார் 12 கிலோமீட்டரில் நின்றுபோனது. பாதையின் நீளம் ஏறத்தாழ 229 கிலோமீட்டர்.

'விமானியின் துணைவன்' பற்றி இங்கு நீளப் பேச வேண்டியதில்லை. லாக்ஹீட், மெக்டொனல் நிறுவனக் குழுக்கள் ஒப்புருப் பயிற்சிக்கூடங்களில் சில கூறுகளைச் செய்து காட்டின. போர் விமானத்தில் அது முழுமையாக இடம்பெறவில்லை.

கடற்படையின் பகுதி கவனத்திற்குரியது. பசிபிக் கடற்படையணிக்காகப் பேர்ல் ஹார்பரில் நிறுவப்பட்ட 'ஃப்ரெஷ்' என்னும் வல்லுநர் முறைமை, ஒரு கப்பல் பழுதுற்றால் அதனிடத்திற்கு அனுப்பத்தக்க வேறு கப்பல்கள் எவை, அம்மாற்றத்தால் வேறெந்தப் பணி பாதிக்கப்படும் என்பவற்றை வரிசைப்படுத்தித் தந்தது. அதிகாரிகள் பல மணி நேரம் அட்டவணைகளோடு செய்த வேலை இது. கப்பல்களின் எண்ணிக்கை தெரிந்தது. அவற்றின் நிலை பதிவாகியிருந்தது. தவறான பரிந்துரையை ஓர் அதிகாரி சில நிமிடங்களில் கண்டு ஒதுக்க முடிந்தது. போர் மேலாண்மை என்ற பெரும்பெயரில் உண்மையாகப் பயன்பட்டது இந்த ஒதுக்கீட்டுக் கணக்கே எனலாம்.

எதிர்க்குரல்கள்

கணிப்பொறித் துறையினரிடமிருந்தே எதிர்ப்பு எழுந்தது. சமூகப் பொறுப்புக்கான கணிப்பொறி வல்லுநர்கள் என்ற அமைப்பைச் சேர்ந்த செவெரோ ஆர்ன்ஸ்டீன், பிரையன் ஸ்மித், லூசி சக்மன் ஆகியோர் 1984இல் அணு அறிவியலாளர் இதழில் இத்திட்டத்தை மதிப்பிட்டு எழுதினர். எதிர்பாராத சூழலில் இம்முறைமைகள் நொறுங்கும் என்பதும், போர்க்களமோ எதிர்பாராமையின் இருப்பிடம் என்பதும் அவர்கள் வாதத்தின் சாரம். 1960 அக்டோபரில் கிரீன்லாந்தின் தூலே தளத்து ராடார், எழுந்துவரும் நிலவின் எதிரொலியை ஏவுகணைத் தாக்குதலாகக் காட்டியது. நிலவு எழும் என்பதை அறியாத பொறியாளர் இலர். அது ராடாரில் இவ்வாறு தோன்றும் என்பதே எவர் நினைவிலும் வரவில்லை. நினைவில் வராததற்கு விதி எழுத இயலாது.

டார்ப்பா தரப்பின் மறுமொழி, இறுதி முடிவு எப்போதும் மனிதரிடமே இருக்கும் என்பதாகும். அம்மறுமொழியின் வலிமையை 1988 ஜூலை 3ஆம் நாள் நிகழ்வு சோதித்தது. உத்திசார் கணிமைத் திட்டத்தோடு தொடர்பற்ற, ஆனால் அதன் காலத்திற்குரிய ஏஜிஸ் போர் முறைமையைக் கொண்ட வின்சென்ஸ் கப்பல், பாரசீக வளைகுடாவில் ஈரானியப் பயணியர் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தனர். விமானம் மேலேறிக்கொண்டிருந்ததையே கப்பலின் கணிப்பொறிப் பதிவுகள் காட்டின; கப்பலிலிருந்தோர் அது தங்களை நோக்கி இறங்குவதாக நம்பினர். எந்திரம் இங்குப் பிழைபடவில்லை. பெத்ரோவின் அறையில் எந்திரம் பிழைபட்டது, மனிதர் திருத்தினார். ஆகவே 'மனிதர் உடனிருக்கிறார்' என்பது தன்னளவில் ஒரு காப்பாகாது. தமக்கு முன்னுள்ள செய்தியை ஐயுறுவதற்கு அவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது, தவறினால் மீள வழியுண்டா என்பவையே தீர்மானிக்கும் கூறுகள். விமர்சகர்கள் எந்திரத்தின் நொய்ம்மையை வலியுறுத்திய அளவுக்கு இந்த நேரக் கூற்றை வலியுறுத்தவில்லை.

1991: கிடங்கின் வெற்றி

1987இல் ஜாக் ஷ்வார்ட்ஸ் டார்ப்பாவின் கணிமைப் பிரிவுக்கு வந்தபின் செயற்கை நுண்ணறிவுக்கான நிதி குறைக்கப்பட்டது. வல்லுநர் முறைமைகளுக்கென விற்கப்பட்ட சிறப்புக் கணிப்பொறிகளின் சந்தையும் அவ்வாண்டே சரிந்தது. திட்டம் மெல்ல மெல்ல மீத்திறன் கணிமை முயற்சிகளுக்குள் கரைந்தது.

இந்நிலையில்தான் குவைத் நெருக்கடி வந்தது. ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கப் படையைச் சவூதி அரேபியாவுக்கு நகர்த்த வேண்டியிருந்தது. பி.பி.என். முதலிய நிறுவனங்கள் டார்ப்பாவுக்காக விரைந்து உருவாக்கிய டார்ட், ஒரே நேரத்தில் 50,000 வரையிலான ஊர்திகள், சரக்குகள், ஆள்கள் ஆகியவற்றின் புறப்பாடு, சேரிடம், வழி, முரண்பாடு ஆகியவற்றைக் கணக்கிலெடுத்தது. வாரக்கணக்கில் ஆகும் திட்டமிடல் மணிக்கணக்கில் முடிந்தது. இதில் நுண்ணறிவு நுட்பத்தின் பங்கு எவ்வளவு, நல்ல தரவுத்தளத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று. திட்டமிடுவோர் ஒரு மாற்றத்தைச் செய்து அதன் விளைவை உடனே பார்க்கவும், பிடிக்காவிடில் அழித்துவிட்டு மறுபடி தொடங்கவும் முடிந்தது என்பதே அதன் தலையாய சிறப்பு. போர்க்களத்தில் இல்லாத வசதி அது. முப்பதாண்டுச் செலவை ஈடுசெய்ததாகக் கூறப்பட்டபோது, 1983இல் உச்சியில் வரையப்பட்ட மூன்று பயன்பாடுகளும் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

இந்தியத் தொடர்பு

உத்திசார் கணிமைத் திட்டம் நடந்துகொண்டிருந்த 1986ஆம் ஆண்டிலேயே இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு பெங்களூரில் செயற்கை நுண்ணறிவு மற்றும் எந்திரனியல் மையத்தைத் தொடங்கியது. 2018இல் என். சந்திரசேகரன் தலைமையிலான பணிக்குழு தன் பரிந்துரையை அளித்தது. அடுத்த ஆண்டு பாதுகாப்புச் செயற்கை நுண்ணறிவு மன்றமும் அதன் திட்ட முகமையும் அமைக்கப்பட்டன. 2022 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகம் 75 செயற்கை நுண்ணறிவுப் பொருள்களை அறிமுகப்படுத்தியபோது அவை அடங்கும் துறைகளின் பட்டியலையும் வெளியிட்டது. அப்பட்டியலில் உயிர்க்கொல்லித் தன்னியக்க ஆயுத முறைமைகளும், தளவாட மற்றும் வழங்கல் மேலாண்மையும் அடுத்தடுத்த பெயர்களாக, ஒரே வகைப் பணிகள்போல் இடம்பெற்றுள்ளன.