பாறையைப் பிளந்த பாகு

நிலத்தடியில் எண்ணெய் உண்டு என்றவுடன், ஆழத்திலே ஓர் ஏரி தேங்கிக் கிடப்பதாகப் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. கல்லின் நுண்ணிய துளைகளுக்குள்ளேதான் எண்ணெயும் வாயுவும் சிறைப்பட்டிருக்கின்றன. அத்துளைகள் ஒன்றோடொன்று தொடர்புறாவிடின், கிணறு தோண்டியும் பயன் சொற்பமே.

1860களில் பென்சில்வேனியாவிலே எட்வேர்ட் றொபேட்ஸ் என்பார் கிணற்றுக்குள் வெடிமருந்தை இறக்கிப் பாறையைத் தகர்த்தார். எண்ணெய் பெருகிற்று, ஆனால் வெடிமருந்தைக் கையாண்ட தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். வெடியின்றித் திரவத்தின் அழுத்தத்தாலேயே பாறையைப் பிளக்கும் முயற்சி 1947இல் கன்சாஸ் மாநிலத்து ஹியூகோட்டன் வாயு வயலில் நடைபெற்றது. ஏறக்குறைய 2,400 அடி ஆழத்திலுள்ள சுண்ணாம்புப் பாறைக்குள் 1,000 கலன் பாகு செலுத்தப்பட்டது. நப்தெனிக் அமிலமும் பாம் எண்ணெயும் கலந்து கெட்டியாக்கிய பெற்றோலே அப்பாகு. இரண்டாம் உலக யுத்தத்தில் நகரங்களைச் சுட்டெரித்த நேபாம் குண்டுகளின் குழம்பும் இவ்வினத்ததே. கிணற்றின் விளைச்சலோ குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை.

எனினும் முயற்சி கைவிடப்படவில்லை. 1949 மார்ச் 17ஆம் திகதி ஹலிபேட்டன் கம்பனியார் ஒக்லகோமாவிலும் ரெக்சாசிலும் இம்முறையை வணிக முறையிற் கையாண்டனர். திரவத்தோடு மணலும் சென்றது. அழுத்தம் நீங்கியதும் வெடிப்பு மூடிக்கொள்ளாதவாறு முட்டுக்கொடுப்பது மணலின் வேலை. முதலாண்டில் 332 கிணறுகள் இவ்வாறு பிளக்கப்பட்டன. விளைச்சல் சராசரி 75 வீதம் உயர்ந்தது.

சிக்கல் திரவத்தின் இயல்பிலேயே இருந்தது. மணலைத் தாங்கிச் செல்ல அது கூழ்போற் கெட்டியாயிருத்தல் வேண்டும். வேலை முடிந்தபின்னரோ மணலை விட்டுவிட்டு நீர்போல் இளகித் திரும்புதல் வேண்டும். திரும்பாவிடின், தான் திறந்த வழியைத் தானே அடைத்துவிடும். ஆகவே, கெட்டியாக்கும் பொருளோடு, உரிய நேரத்தில் அதனைச் சிதைக்கும் பொருளையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

1950களில் எண்ணெய்க்குப் பதிலாக நீர் வந்தது. அதனைக் கெட்டியாக்க உதவியது எது? கொத்தவரை விதையின் பசை! தமிழர் கறிக்கு அரியும் அதே கொத்தவரைதான். இராஜஸ்தானத்து வரண்ட நிலத்தில் விளையும் அவ்விதையின் விலை, அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளின் தேவையால் 2012இல் மிக உயர்ந்தது. இந்தியாவில் அதன் முன்பேர வணிகமே நிறுத்தி வைக்கப்பட்டது.

இதற்கிடையில் ரெக்சாசிலே ஜோர்ஜ் மிச்செலின் கம்பனி, 1981 முதல் பானெற் களிப்பாறையோடு போராடிப் பெரும் பணத்தைச் செலவிட்டிருந்தது. அங்கே நிக் ஸ்ரைன்ஸ்பேகர் என்னும் பொறியியலாளர், விலைமிக்க கூழை விலக்கி, உராய்வைக் குறைக்கும் சிறிதளவு மருந்து கலந்த நீரையே செலுத்திப் பார்த்தார். மெல்லிய நீர் மணலைச் சுமக்காது என்றே அனுபவசாலிகள் கருதினர். 1998இல் வாயு தாராளமாக வெளிவந்தது.

கூழின் செலவு குறைந்தது. நீரின் தேவையோ கிணறொன்றுக்குப் பல இலட்சம் கலனாகப் பெருகிற்று. திரவத்திற் கலந்த பல பொருள்களைக் கம்பனிகள் வணிக இரகசியமாகக் காத்தன. அயலிலே குடிநீர் அள்ளிய மக்களுக்கோ அதை அறிவதே முதற் கவலை. திரவம் நிலத்திற் சிந்துவதாலும் பழுதுற்ற கிணறுகள் வழியே கசிவதாலும் குடிநீர் கெடக்கூடும் என அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் 2016இல் அறிக்கை வெளியிட்டது.