கல்வெட்டில் இருப்பதும், அதில் இல்லாததும்



போன மாதம் பழைய மாணவர் சந்திப்புக்காக ஒரு பட்டியல் தயாரித்து இங்கே போட்டிருந்தேன். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, செல்போன் எண், வேலை என எல்லாம் அதில் இருந்தன. "அருமை சார்" என்று பலரும் எழுதினீர்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு மாணவியின் அம்மாவுக்கு போன் வந்திருக்கிறது. மகளின் பெயர், பிறந்த தேதி, வேலை எல்லாம் சரியாகச் சொல்லி, வங்கியிலிருந்து பேசுவதாக ஓடிபி கேட்டிருக்கிறான். அந்த அம்மா சுதாரித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். என் பட்டியலில் இருந்து எடுத்தானா தெரியாது. ஆனால் அவன் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. அன்றிரவே அழித்துவிட்டேன்.

மறுநாள் காலை நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். வருடா வருடம் உங்களை வரிசையாக அழைத்துப்போய்க் காட்டிய அதே சுவர்தான். அன்று அதை வேறு கண்ணோடு படித்தேன்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 35க்கு மேல், 70க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். வேதக் கல்வியும் வேண்டும். எல்லோருக்குமான தேர்தல் அல்ல என்பதை வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் வாரியத்துக்கு வர முடியாது. குடம் காலியாக இருப்பதைச் சபைக்குக் காட்டினார்கள். உள்ளே இருப்பது அறியாத சிறுவன் ஓலையை எடுத்தான். வாங்கியவர் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் வாங்கினார்.

அந்த ஓலையில் இருந்தது பெயர் மட்டுமே. சுவரில் வெட்டியது விதிகளையும் பதவிக்கான தகுதிகளையும். இன்னார் வீட்டில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் இந்த இரண்டு கல்வெட்டுகளிலும் கிடையாது. பொதுப் பணத்தைத் தொடுகிறவர் கணக்குக் காட்ட வேண்டும். மற்றவர் வீட்டு விவரம் சுவருக்கு வரத் தேவையில்லை.

ஏறத்தாழ இதே கோட்டை உச்ச நீதிமன்றம் 1994இல் போட்டது. வழக்கு நம் தமிழ்நாட்டில் இருந்து போனதுதான். ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட முனைந்த நக்கீரன் இதழ் சம்பந்தப்பட்டது. பொது ஆவணங்களில் பதிவானதை எழுதலாம், அதிகாரிகளின் அலுவல் நடத்தையை விமர்சிக்கலாம், வெளியீட்டை முன்கூட்டியே அரசு தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். அதே மூச்சில், ஒருவருடைய குடும்பம், திருமணம், கல்வி போன்றவற்றை அவர் இசைவு இல்லாமல் வெளியிடக் கூடாது என்றும் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

சட்டம் நிறுவனங்களைக் கேள்வி கேட்கும். என்னைக் கேட்க வேண்டியவன் நான்தான். உங்கள் இசைவு கேட்காமல் போட்டது என் தவறு. மன்னியுங்கள்.

வாத்தியார் புத்தி போகாது, அதனால் மூன்று விஷயம் சொல்கிறேன். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஆதார் நகல் கொடுக்க நேர்ந்தால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் போதுமா என்று கேளுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930க்கு அழையுங்கள்.

சந்திப்பு கட்டாயம் நடக்கும். வர விரும்புகிறவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். பெயர் மட்டும் போதும். குடவோலைக்கும் அதுதானே போதுமாக இருந்தது!

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்