செந்நிறக் கோட்டையின் ஊரில் ஒரு பகல்



கரீபியன் கடலில் உல்லாசக் கப்பலில் செல்வோருக்குச் செயின்ட் தாமஸ் தீவு ஒரு பகற்பொழுது மட்டுமே. காலையில் கப்பல் துறையை அணையும். மாலைக்குள் திரும்பி ஏறிவிட வேண்டும். இடைப்பட்ட நேரத்தைப் பெரும்பாலோர் மேகன்ஸ் விரிகுடாவின் மணலிலும் ஷார்லட் அமலி நகரின் நகைக் கடைகளிலும் செலவிடுவர். அதைக் குறை கூற மாட்டேன். அந்தக் கடல் அத்தனை நீலம். ஆனால், அமெரிக்காவில் வாழும் உங்கள் பிள்ளைகள் உங்களை அப்படியொரு பயணத்திற்கு அழைத்துச் சென்றால், அதில் மூன்று மணி நேரத்தை ஒதுக்கி வையுங்கள். நம் பிரசங்க பீடங்களில் பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் ஒரு கதையின் களம் அது. அந்தக் கதை நாம் சொன்னபடி நிகழவில்லை.

கதையை நீங்கள் அறிவீர்கள். இரண்டு மொரேவிய வாலிபர்கள், அடிமைகளுக்கு நற்செய்தி சொல்ல வேறு வழியில்லாமல், தங்களையே அடிமைகளாக விற்றுக்கொண்டு கப்பல் ஏறினர்; கரையில் நின்ற குடும்பத்தார் கதறி அழ, அவர்கள் கப்பல் தளத்திலிருந்து ஆட்டுக்குட்டியானவரின் பெயரால் முழங்கினர் என்பது அது. நானும் மிஷனரி ஞாயிறுகளில் இதைச் சொல்லிச் சபையாரைக் கண்கலங்க வைத்திருக்கிறேன்.

நடந்தது வேறு. 1731ஆம் ஆண்டு டென்மார்க் மன்னர் ஆறாம் கிறிஸ்டியனின் முடிசூட்டு விழாவுக்காக சின்சென்டோர்ப் பிரபு கோபன்ஹேகன் சென்றார். இவர் ஹாலே நகரில் சிறுவனாகப் பயின்றபோது, நம் தரங்கம்பாடியிலிருந்து சீகன்பால்குவும் உடன் ஊழியரும் அனுப்பிய செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். அதே டேனிஷ் அரசின் மற்றொரு குடியேற்றமான செயின்ட் தாமசிலிருந்து அழைத்துவரப்பட்ட அந்தோன் உல்ரிக் என்னும் அடிமையை அவர் அங்கே சந்தித்தார். தீவில் தன் சகோதரி அன்னாவும் சகோதரன் ஆபிரகாமும் இருப்பதையும், அவர்களுக்குக் கற்பிப்பார் எவருமில்லை என்பதையும் அந்தோன் சொன்னான். பின்னர் ஹெர்ன்ஹூட் சபையாரிடமும் வந்து பேசினான். அடிமைகள் பகலெல்லாம் வயலில் இருப்பதால், அவர்களோடு தானும் அடிமையாகிறவனே அவர்களுக்குப் போதிக்க இயலும் என்றான். கதையின் வேர் இந்த வார்த்தையில்தான் இருக்கிறது.

குயவரான லியோனார்டு டோபரும் தச்சரான டேவிட் நிச்மனும் அதற்கும் ஆயத்தமாகவே இருந்தனர். அவர்களின் மனத்துணிவை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கோபன்ஹேகனில் அரசவை அதிகாரி ஒருவர், வெள்ளையர் அடிமையாவதற்கு அங்கே அனுமதியே இல்லை என்று கூறிவிட்டார். அப்படியானால் தச்சு வேலை செய்து பிழைப்பேன் என்றார் நிச்மன். 1732 அக்டோபரில் புறப்பட்டு டிசம்பர் 13 அன்று தீவை அடைந்தனர். அன்னாவையும் ஆபிரகாமையும் தேடிக் கண்டுபிடித்து, அந்தோன் கொடுத்தனுப்பிய கடிதத்தை வாசித்துக் காட்டினர். நான்கு மாதங்களில் நிச்மன் திரும்பிவிட்டார். டோபருக்கோ தீவின் மண் பானை வனைய உதவவில்லை. சிறிது காலம் ஆளுநர் கார்டெலினின் வீட்டில் காரியஸ்தராகவும், பின்னர் காவல்காரராகவும் வேலை செய்தார்.

அந்த ஆளுநரை மறந்துவிடாதீர்கள். தப்பி ஓடும் அடிமைகளின் காலை வெட்டவும், அவர்களின் தலைவர்களைப் பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் சுட்டுத் தூக்கிலிடவும் 1733இல் ஆணை பிறப்பித்தவர் இவரே. அவ்வாண்டு நவம்பரில் அண்டைத் தீவான செயின்ட் ஜானில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து பல மாதங்கள் தீவைத் தங்கள் கையில் வைத்திருந்தனர்.

துறையிலிருந்து இருபுறமும் திறந்த வண்டிகள் நகருக்குச் செல்கின்றன. அமெரிக்க மண்ணாயினும் வாகனங்கள் நம் ஊரைப்போல இடப்புறமே ஓடுகின்றன. நகைக் கடைகள் இருக்கும் தடித்த சுவர்க் கட்டடங்கள் டேனியர் காலத்துச் சரக்குக் கிடங்குகள். அவற்றைக் கடந்தால் செந்நிறம் பூசிய கிறிஸ்டியன் கோட்டை நிற்கும். 1672இல் குடியேறியதும் டேனியர் கட்டத் தொடங்கியது. தரங்கம்பாடியின் டேன்ஸ்போர்க்கைக் கண்டவர்கள், அதே கொடி பறந்த மற்றொரு கடற்கரைக் கோட்டையை இங்கே காணலாம்.

இங்கே சற்று நில்லுங்கள். ஆன்டிகுவாவில் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே கடத்தி வரப்பட்டு இத்தீவில் விற்கப்பட்டவள் ரெபேக்கா. விடுதலை பெற்ற பின் மொரேவியரோடு சேர்ந்தாள். நாள் வேலை முடிந்த அடிமைப் பெண்களுக்குப் போதிக்க, தோட்டம் தோட்டமாக மலைப்பாதைகளில் நடந்தாள். 1738இல் வெள்ளையரான மொரேவிய ஊழியர் மத்தேயு பிராய்ன்ட்லிக்கை மணந்தாள். மணத்தை நடத்தி வைத்த பிரெடெரிக் மார்ட்டினின் குருப்பட்டம் செல்லாது, ஆகவே மணமும் செல்லாது என்று வழக்கு எழுந்தது. மூவரும் சிறையில் அடைக்கப்பட்டனர். ரெபேக்காவை மீண்டும் அடிமையாக விற்கும்படி தீர்ப்பாயிற்று. 1739 சனவரியில் சின்சென்டோர்ப் எதிர்பாராமல் வந்திறங்கி ஆளுநரிடம் பேசியதால்தான் அவர்கள் விடுதலையாயினர். தன்னை அடிமையாக விற்கக் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாலிபர்களை நாம் பாடமாகச் சொன்னோம். உண்மையிலேயே அடிமைத்தனத்தின் விளிம்பில் நின்ற இப்பெண்ணின் பெயரை நான் ஒரு முறையும் சொன்னதில்லை.

கோட்டையிலிருந்து ஒரு வண்டி பிடித்து, நகருக்குக் கிழக்கே உள்ள புதிய ஹெர்ன்ஹூட் ஆலயத்திற்குச் செல்லுங்கள். இன்றும் அங்கே ஆராதனை நடக்கிறது. இந்நிலம் 1730களின் இறுதியில் மொரேவியருக்காக மார்ட்டின் வாங்கிய தோட்டம். அடிமைகள் தடையின்றிக் கூடிவர ஓர் இடம் வேண்டும் என்பது அவரது நோக்கம். ஆனால் தோட்டத்தோடு அதில் உழைத்த அடிமைகளும் விலைக்கு வந்தனர். அடிமைகளுக்காக அடிமையாகவும் துணிந்த சபை, ஆறே ஆண்டுகளில் அடிமைகளை உடைமையாகக் கொண்ட சபையாயிற்று. பவுல் ஒநேசிமுவுக்காக எழுதிய சிறு நிருபத்தை அவர்களும் வாசித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

சின்சென்டோர்ப் தீவை விட்டுப் புறப்படுமுன் அடிமைகளிடம் ஆற்றிய உரை பதிவாகியிருக்கிறது. எஜமானருக்குக் கீழ்ப்படியுங்கள், மனமாற்றம் உங்களைத் தீய எண்ணங்களிலிருந்து விடுவிக்கும், எஜமானரிடமிருந்து அல்ல என்றார். முதல் கறுப்பினத்தாருக்குத் தேவன் அளித்த தண்டனையே அடிமைத்தனம் என்றும் சொன்னார். இத்தீவுகளின் அடிமைகள் விடுதலை பெற 1848 சூலை 3 வரை காத்திருந்தனர். அதுவும் அரசு மனமுவந்து அளித்ததன்று. செயின்ட் குரோயி தீவில் அவர்களே திரண்டு வந்து கேட்டபோது, ஆளுநர் ஃபான் ஷோல்ட்டன் அறிவித்தது. தரங்கம்பாடியை 1845இல் ஆங்கிலேயருக்கு விற்ற டென்மார்க், இத்தீவுகளை 1917இல் இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது.

ஆயினும், அந்த உரையை ஆற்றியவரின் பெட்டியில் வேறொன்றும் இருந்தது. ஆப்பிரிக்காவின் போப்போ நாட்டில் பிறந்து, தீவில் விடுதலை பெற்றிருந்த முதியவள் மரோத்தா. கறுப்பினப் பெண்கள் சார்பில் அவள் டென்மார்க் அரசிக்கு ஒரு கடிதம் எழுதுவித்தாள். தன் தாய்மொழியிலும் தீவின் டச்சுக் கிரியோலிலும் அது எழுதப்பட்டது. தன் நாட்டில் தான் தெய்வத்தை வணங்கியதையும், இங்கே இயேசுவைச் சேவிக்க வெள்ளையர் விடவில்லை என்பதையும் அதில் அரசியிடம் முறையிட்டாள். அதைக் கடல் கடந்து கொண்டுசென்றவர் சின்சென்டோர்ப்.

வருகிற மிஷனரி ஞாயிறன்று பிள்ளைகள் பழைய கதையைக் கேட்பார்கள். டோபரையும் நிச்மனையும் நான் விட்டுவிடப் போவதில்லை. தச்சராகவும் குயவராகவும் அவர்களை அனுப்பி வைப்பேன். அதன்பின் ரெபேக்காவின் வழக்கையும் மரோத்தாவின் கடிதத்தையும் சொல்வேன். தோட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கான சொற்களைத்தான் இந்த வாரம் முழுவதும் தேடிக்கொண்டிருக்கிறேன்.