வைரியும் வல்லூறும்: காலத் தொடர்களில் பறக்கும் பொருந்தா விமானங்கள்

கடந்த காலத்தைக் காட்டும் தொலைக்காட்சித் தொடர்களில் நாம் பிழை பிடிக்கும் இடங்கள் பெரும்பாலும் தரையில்தான் இருக்கின்றன. 1940களின் கதையில் ஒரு பெண் அணிந்திருக்கும் சேலை பிற்காலத்தது என்பதை வீட்டுப் பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். வசனத்தில் அன்று வழங்காத சொல் ஒன்று வந்தால் தமிழாசிரியர்களாகிய நமக்கு உறுத்தும். ஆனால் அதே காட்சியில் வானில் ஒரு விமானம் இரைந்து போனால் எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மூக்கில் விசிறி சுழன்றால் போதும், அது 'அந்தக் காலத்து விமானம்' ஆகிவிடுகிறது. விமானமும் ஒரு காலத்தின் ஆவணம்தான். அது எந்த ஆண்டில் எந்த ஊர் வானில் பறந்திருக்க இயலும் என்பதற்கு, கல்வெட்டு எழுத்தமைதிக்கு இருப்பது போலவே திட்டமான கணக்கு உண்டு.

ஆங்கிலத் தொலைக்காட்சியிலேயே இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. டெரிக் ராபின்சன் எழுதிய 'பீஸ் ஆஃப் கேக்' நாவல் 1988இல் தொடராக வந்தது. நாவலில் வரும் படைப்பிரிவு 1939-40இல் பிரான்சில் ஹரிக்கேன் விமானங்களை ஓட்டுகிறது. தொடரிலோ அவர்கள் ஸ்பிட்ஃபயர் ஓட்டுகிறார்கள். பிரான்சில் அப்போது நிலைகொண்டிருந்த பிரிட்டிஷ் போர்விமானப் பிரிவுகளிடம் இருந்தவை பெரும்பாலும் ஹரிக்கேன்களே. ஸ்பிட்ஃபயர் பிரிவுகளை இங்கிலாந்தின் காவலுக்கென்று பிடித்து வைத்திருந்தார்கள். தொடரை எடுத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பறக்கும் நிலையில் போதிய ஹரிக்கேன்கள் 1980களில் கிடைக்கவில்லை என்பதே காரணம். நாவலாசிரியன் ஒரு சொல்லால் பறக்கவிட்டதை இயக்குநரால் பறக்கவிட முடியவில்லை. எழுத்துக்கும் காட்சிக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும் நம் திறனாய்வாளர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டாலே போதும்.

இதற்கு நேர் எதிரான வகை, 1976இல் அமெரிக்காவில் தொடங்கிய 'பா பா பிளாக் ஷீப்' தொடர். அதில் பசிபிக் போர்முனையின் கார்சேர் விமானங்களாக வந்தவை மெய்யான கார்சேர்கள். அவற்றோடு மோதும் ஜப்பானிய ஜீரோ விமானங்களோ, வண்ணம் மாற்றிய டெக்ஸன் பயிற்சி விமானங்கள். நாயகனுக்கு அசலும் எதிரிக்கு வேடமும் என்பது திரையுலகின் பழைய வழக்கம்தானே.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை, நமக்கென்ன என்று கேட்கலாம். அந்தக் கார்சேருக்கும் நம் பீளமேட்டுக்கும் உறவு உண்டு என்பதே நாம் சொல்ல வந்த செய்தி. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே மட்டக்களப்புக் கடலில் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் மூழ்கியது. கரையோரத் துறைமுகங்கள் எவையும் பாதுகாப்பானவை அல்ல என்று ஆகிவிட்ட அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் கடற்படை தன் விமானப் பழுதுபார்ப்புக் கூடத்தைக் கோவையில் நிறுவியது. கடலிலிருந்து விலகியது, ரயில் பாதை உள்ளது, ஆலைத் தொழிலாலும் மோட்டார்ப் பட்டறைகளாலும் இயந்திரக் கை பழகிய ஊர் என்பவை கோவைக்குச் சாதகமாக இருந்திருக்கும் என்று நாம் கருதுகிறோம். பின்னர் சூலூர் விமானத்தளமும் அக்கடற்படையின் கைக்கு வந்தது.

இலக்கியம் படித்தவர்களுக்குச் சுவையான இடம் இனிமேல்தான். பிரிட்டிஷ் கடற்படை தன் கரைத் தளங்களையும் கப்பல்களாகவே பாவித்துப் பெயர் சூட்டும். கோவைக் கூடத்தின் பெயர் எச்.எம்.எஸ். கருடா. சூலூர்த் தளத்தின் பெயர் எச்.எம்.எஸ். வைரி. தாம்பரத்தில் இருந்தது எச்.எம்.எஸ். வல்லூறு. இலங்கையில் புத்தளத்துத் தளம் ராஜாலியா, கட்டுகுருந்தைத் தளம் உகுஸ்ஸா. இவ்விரண்டும் வேட்டைப் பறவைகளுக்குரிய சிங்களப் பெயர்கள். ராஜாலியாவைக் கேட்டவுடன் நம் இராசாளி நினைவுக்கு வரும். வைரி என்பது வல்லூற்றினப் பறவை. பகைவன் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. தன் சொந்தத் தளத்துக்குப் 'பகைவன்' என்றும் பொருள்படும் பெயரை வைத்த அதிகாரிக்கு அருகிலிருந்த தமிழர் எவரேனும் அதை எடுத்துச் சொன்னாரா, சொல்லாமல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாரா? இந்த மரபு விடுதலைக்குப் பின்னும் அறுபடவில்லை. 1953இல் கொச்சியில் தொடங்கப்பெற்ற இந்தியக் கடற்படை விமானத்தளம் ஐ.என்.எஸ். கருடா. அரக்கோணத்தில் இருப்பது ராஜாளி. உச்சிப்புளியில் இருப்பது பருந்து.

இனி ஒரு கற்பனை. 1945ஆம் ஆண்டுக் கோவையைக் களமாகக் கொண்டு எவரேனும் ஒரு தொடர் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆலைத் தொழிலாளி ஒருவன் விமானக் கூடத்தில் வேலைக்குச் சேர்கிறான், நல்ல கதைதான். அவன் தலைக்கு மேலே எது பறக்க வேண்டும்? இந்தியப் பெருங்கடலில் இயங்கிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிகள் அப்போது சுமந்தவை கார்சேர், ஹெல்கேட், அவெஞ்சர், பேரக்குடா போன்ற கடற்படை விமானங்கள். எனவே போர்க்காலம் என்றதும் கைக்கு வருகிற ஸ்பிட்ஃபயர் படத்தை ஒட்டிவிட முடியாது. கார்சேர் என்று தேர்ந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. பிரிட்டிஷ் கப்பல்களின் உட்கூடங்கள் உயரம் குறைந்தவை. மடித்த இறக்கை மேலே இடிக்காமல் இருக்க, அவர்கள் வாங்கிய கார்சேர்களின் இறக்கை முனைகளை ஒவ்வொரு பக்கமும் சுமார் 20 சென்டிமீட்டர் குறைத்தார்கள். அமெரிக்கக் காட்சித் துண்டைக் கடன் வாங்கினால் இறக்கை முனை காட்டிக்கொடுத்துவிடும்.

அதைவிட எளிதில் கண்ணில் படுவது வட்டச் சின்னம். நீலம், வெள்ளை, நடுவில் சிவப்பு என்பதே பிரிட்டிஷ் விமானத்தின் அடையாளம் என்று நாம் அறிவோம். கிழக்குப் போர்முனையில் அந்தச் சிவப்புப் புள்ளி ஆபத்தாக முடிந்தது. ஜப்பானிய விமானத்தின் சின்னமும் சிவப்பு வட்டம் ஆதலால், பரபரப்பில் தன் படையே தன் விமானத்தைச் சுடும் நிலை. ஆகவே இப்பகுதியில் பறந்த விமானங்களில் சிவப்பை நீக்கிவிட்டார்கள். 1945இன் கோவை வானில் செம்புள்ளி வைத்த பிரிட்டிஷ் கடற்படை விமானம் பறந்தால் அது வரலாற்றுப் பிழை. விடுதலைக்குப் பின் இந்திய விமானங்களில் சில காலம் சக்கரம் இருந்தது. இன்று நாம் காணும் மூவண்ண வட்டம் 1950இல் வந்தது. 1948இல் நடக்கும் கதையில் மூவண்ண வட்டத்தைக் காட்டுவது, சோழர் கல்வெட்டில் வீரமாமுனிவர் திருத்திய ஏகார ஓகாரங்களை எழுதிவைப்பதற்குச் சமம்.

இத்தகைய நுட்பங்கள் ஆர்வலர்களின் விளையாட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. இறக்கை முனையளவில் அவர்கள் சொல்வதை ஒப்புக்கொள்ளலாம். சூலூரில் ஒப்புக்கொள்ள முடியாது. 1942 ஆகஸ்ட் இறுதியில், 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது, கொங்கு நாட்டு இளைஞர்கள் சூலூர் விமானத்தளத்துக்குத் தீ வைத்தார்கள். அதே மாதத்தில்தான் போத்தனூர் அருகே இராணுவத் தளவாட ரயிலும் கவிழ்க்கப்பட்டது. தளம் அப்போது கட்டுமானத்தில் இருந்தது. எரிந்தவை கொட்டகைகளும் லாரிகளும். இதை மேடைப் பேச்சில் கேட்கும்போது எரியும் விமானங்களின் வரிசை ஒன்று நம் மனக்கண்ணில் எழுவது இயல்பு. திரைக்கு வந்தால் கட்டாயம் எழும். வெடித்துச் சிதறும் விமானத்துக்கு ஈடாக எரியும் கூரையை எந்தத் தயாரிப்பாளர் ஒப்புவார்?

ஆனால் அந்த ஒரு காட்சி வரலாற்றையே திரித்துவிடும். நிறுத்தி வைத்த போர்விமானங்களைக் கொளுத்துவது படையெடுப்புக்கு நிகரான செயல். அதற்குக் கிடைத்த அடக்குமுறையும் போரின் கணக்கில் சேர்ந்துவிடும். கட்டி முடியாத தளத்தின் கொட்டகைகளுக்காகவும் லாரிகளுக்காகவும் சுற்றுவட்டாரக் கிராமங்கள் பட்ட அடியையும், பலர் அனுபவித்த சிறையையும் அவற்றின் உண்மையான அளவில் உணர வேண்டுமானால், எரிந்தது என்ன என்பது சரியாகத் தெரிந்தாக வேண்டும். மிகைப்படுத்துவது தியாகிகளைப் பெருமைப்படுத்துவது என்று நம்மவர் எண்ணுகிறார்கள். இவ்விடத்தில் அது ஆளவந்தோரின் கொடுமைக்கு ஒரு சமாதானத்தைத் தேடித் தருகிறது.

கொங்கின் கிழக்கு எல்லையில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1945இல் 'பர்மா ராணி'யை வெளியிட்டது. டி.ஆர். சுந்தரம் இயக்கி, ஜப்பானிய அதிகாரியாக நடிக்கவும் செய்தார். ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மாவில் சிக்கிக்கொள்ளும் இந்திய விமானப்படையினரின் கதை அது. போர்ப் பிரசாரப் படங்களை எடுக்குமாறு அரசு படக்கூடங்களை நெருக்கிய காலம். அவர்களுக்குக் காலப் பிழை என்ற கவலையே இல்லை; கதையின் காலமும் படப்பிடிப்பின் காலமும் ஒன்றே. இன்று அதே கதையை எடுப்பவர் முதலில் ஆண்டைத் தேர வேண்டும். இந்திய விமானப்படை 1942இன் தொடக்கத்தில் பர்மாவில் ஓட்டியது லைசாண்டர். பிறகு ஹரிக்கேனும் வெஞ்சன்ஸும் வந்தன. ஸ்பிட்ஃபயர் அதற்கும் பின்னால்தான். ஓராண்டு தவறினால் விமானம் தவறும்.

போருக்குப் பிந்தைய கோவைக்கு அவ்வளவு இடரில்லை. பீளமேட்டில் டகோட்டா, ஃபோக்கர், ஆவ்ரோ, பிறகு போயிங் 737 என்ற வரிசையை மூத்த தலைமுறையினரே சொல்வார்கள். 1953க்கு முந்திய கதையில் இந்தியன் ஏர்லைன்ஸ் பெயரை விமானத்தில் எழுதாதிருந்தால் பாதிப் பிழை குறையும்.

கடினமானது பேரக்குடாதான். 2,500க்கு மேல் செய்யப்பட்ட அவ்விமானத்தில் முழுமையான ஒன்றுகூட இன்று உலகில் இல்லை. இங்கிலாந்தில் யோவில்டனிலுள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் சிதைந்த பகுதிகளைச் சேர்த்து ஒன்றை மீட்டெடுக்க முயன்று வருகிறார்கள். அதே அருங்காட்சியகத்தில் கே.டி.431 என்ற எண் கொண்ட கார்சேர் நிற்கிறது. 1960களில் அதன்மேல் பூசிய வண்ணத்தை 2000களில் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்தபோது, அடியில் 1944ஆம் ஆண்டின் அசல் வண்ணம் அப்படியே வெளிப்பட்டது. புதுவண்ணம் பூசியிருந்தால் பார்க்க இன்னும் பளபளப்பாக இருந்திருக்கும். அவர்கள் பூசவில்லை. திட்டுத் திட்டாக, தேய்ந்தும் உரிந்தும் இருந்த அந்த மேனியோடே அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.