ஹைனே: சதுக்கத்தில் பதிந்த வரி

பெர்லினில் 1933 மே 10 அன்று நாஜி மாணவர்கள் நூல்களை எரித்த சதுக்கத்தில் இன்று ஹைன்ரிச் ஹைனேயின் வரியொன்று பதிக்கப்பட்டிருக்கிறது. அதை யூதப் படுகொலையின் முன்னறிவிப்பாகவே நாம் வாசித்துப் பழகிவிட்டோம். ஆனால் 'அல்மன்ஸோர்' நாடகத்தில், கிரனடாவில் குர்ஆன் எரிக்கப்பட்டதையறிந்து ஒரு முஸ்லிம் பேசும் வசனம் அது. யூதராகப் பிறந்த இளைஞர், பிறர் வேதத்துக்காக 1820களின் தொடக்கத்தில் எழுதியது.

உத்தியோகம் கருதி 1825இல் கிறித்தவரானார், உத்தியோகமோ கிட்டவில்லை. 1831இல் பாரிஸ் சென்றார். 1835இல் ஜெர்மானியக் கூட்டாட்சி மன்றம் அவர் எழுத்துகளைத் தடைசெய்தது.

1844இல் சிலேசிய நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்து ராணுவத்தால் சுடப்பட்டனர். அவர்களைப் பற்றிய ஹைனேயின் கவிதை, மார்க்ஸும் எழுதிவந்த பாரிஸ் ஜெர்மன் இதழொன்றில் அவ்வாண்டே வெளிவந்தது. பிரஷ்யா அதைத் தடைசெய்தது. அதில் நெசவாளர்கள் யாரிடமும் இரக்கம் கோருவதில்லை. நெய்தபடியே கடவுளையும் அரசனையும் தாய்நாட்டையும் சபிக்கிறார்கள். ஏழைகளைப் பாடவந்த எத்தனையோ கவிதைகள் பரிதாபத்தோடு நின்றுவிடுவதைப் பார்க்கையில், இச்சினத்தின் அருமை நமக்கு விளங்குகிறது.

ஆயினும் அவர் கட்சிக் கவிஞரல்லர். 1848 முதல் இறக்கும்வரை எட்டாண்டுகள் படுக்கையில் கிடந்தவர், பொதுவுடைமையாளர் வென்றால் தம் கவிதை நூல் கடையில் பொட்டலம் மடிக்கப் போய்விடும் என்று 1855இல் அஞ்சினார். என்றாலும், எல்லோருக்கும் உண்ண உரிமை உண்டென்னும் அவர்களது வாதத்தை மறுக்க அவரால் இயலவில்லை.