ராமேஸ்வரம் டு காலேஜ் ஹாஸ்டல்... முதல் வருஷத்தைச் சமாளிப்பது எப்படி?

கோடை வந்தால் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை வீடுகளில் இரண்டு கவலைகள் சேர்ந்தே வரும். ஒன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இன்னொன்று, ப்ளஸ் டூ முடித்த பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அதே நாள்களில்தான் அட்மிஷனும் நடக்கும்.

அப்படிக் கடன் வாங்கி மதுரைக்கோ, திருச்சிக்கோ, சென்னைக்கோ அனுப்பப்பட்ட பிள்ளை, ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு என்ன நினைக்கும்? 'வீட்ல இவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்பியிருக்காங்க. இங்க பிடிக்கலைன்னு எப்படிச் சொல்றது?' இப்படி எதையும் யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் முதல் வருஷத்தின் பெரிய ஆபத்து.

கலாமுக்கும் வீட்டு ஏக்கம் உண்டு

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளிக்குப் படிக்கப்போன அப்துல் கலாமுக்கு, அந்தக் கொஞ்ச தூரத்திலேயே வீட்டு நினைப்பு வாட்டியது. அம்மா செய்யும் போளிக்காகவே ஊருக்குப் போக வாய்ப்பு தேடியிருக்கிறார். 1950-ல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் சேர்ந்தபோது ஹாஸ்டல் வாழ்க்கை. அறைத் தோழர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், இன்னொருவர் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர். மூவரும் நன்றாகவே ஒத்துப்போனார்கள்.

ஆனால், பி.எஸ்சி இயற்பியல் முடித்த பிறகுதான் 'நாம் இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டும்' என்பது அவருக்குப் புரிந்தது. மேற்படிப்பில் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்பதே அதுவரை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு சென்னை எம்.ஐ.டி-யில் இடம் கிடைத்து, பணத்துக்கு வழியில்லாமல் நின்றபோது, அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் செயினையும் அடகு வைத்து உதவினார். கலாமுக்குத் தாமதமாகக் கிடைத்த விவரம், உங்களுக்கு முதல் வருஷமே கிடைக்கலாம். கேட்கத் தயங்கக் கூடாது, அவ்வளவுதான்.

யாரிடம், எதைக் கேட்பது?

வகுப்பு: இங்கிலீஷில் நடத்துவது புரியவில்லையா? புரியாத வார்த்தைகளைத் தனி நோட்டில் எழுதி, வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவனுக்கும் அது புரிந்திருக்காது! அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மார்க் விதிகளை முதல் மாதமே தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் 75 சதவிகித வருகை கட்டாயம். திருவிழா, கல்யாணம் என்று ஊருக்குக் கிளம்பும் முன் அந்தக் கணக்கைப் பாருங்கள்.

பணம்: 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் இருக்கின்றன. மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும் என்பதால், ஆபீஸில் விசாரியுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் இன்ஜினீயரிங் சேர்ந்தவர்களுக்கு கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. இது தெரியாமல் வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள்.

ராகிங்: தமிழ்நாட்டில் 1997 முதலே இதற்குத் தனித் தடைச் சட்டம் இருக்கிறது. 'சும்மா விளையாட்டுக்குத்தான்' என்று சீனியர் சொன்னாலும் பொறுத்துப்போக வேண்டியதில்லை. யு.ஜி.சி-யின் ராகிங் தடுப்பு இலவச உதவி எண்: 1800-180-5522.

மனசு: வீட்டு ஞாபகத்தில் முதல் சில வாரங்கள் அழுகை வருவது சகஜம். ஆனால் தூக்கமும் சாப்பாடும் தொடர்ந்து கெட்டுப்போய், வகுப்புக்கே போகப் பிடிக்கவில்லை என்றால், நண்பர், வார்டன், ஆசிரியர் என யாரிடமாவது உடனே சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே!

வீட்டில் இருப்பவர்களுக்கு...

போன் பண்ணினால் "சாப்டியா, படிக்கிறியா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "அங்க யாரு உனக்கு ஃப்ரெண்டு? எது கஷ்டமா இருக்கு?" என்றும் கேளுங்கள். "உனக்காக நகையை வெச்சிருக்கோம்" என்று அடிக்கடி நினைவுபடுத்தினால், பிள்ளை தன் கஷ்டத்தை இன்னும் ஆழமாக மறைக்கும். "அரியர் விழுந்தாலும் பரவால்ல, எதுவா இருந்தாலும் முதல்ல எங்ககிட்ட சொல்லு" என்ற ஒரு வார்த்தை போதும். எவ்வளவு தூரத்தில் படித்தாலும், வீடு பக்கத்தில் இருக்கிற தைரியம் வந்துவிடும்.